நம்பர் அக்கா போட்ட பாட்டு

அன்புக் கண்ணா,

ஆண்டவர் கிருபையில நானும் அப்பாவும் இருக்கோம். வழக்கமா அந்த இடத்துல சுகமா-ன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதுவேன், இந்தத் தடவை சேர்க்கல, ஏன்னு கடைசி வரைக்கும் படிச்சா தெரியும், அதுக்குள்ள பயந்து போனை எடுக்காதே, உசுருக்கு ஒண்ணும் இல்ல. நீயும் மருமகளும் குட்டியும் எப்படி இருக்கீங்க. குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்துச்சு, அப்பா அதைப் பாத்துட்டு எனக்கும் அதே இடத்துல பல் இல்ல, தாத்தாவும் பேத்தியும் ஒரே செட்டுன்னு தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போய்க் காட்டிட்டு வந்தார். அவருக்குக் காது மெஷின் புதுசு வாங்கியாச்சு, ஊர்ல யார் பேசினாலும் கேக்குது, நான் பேசும்போது மட்டும் பேட்டரி தீர்ந்து போயிடுது, என்ன மாயமோ. மாடித் தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னு சொன்னேனே, பிளம்பர் மூணு தடவை வந்தார், மூணு தடவையும் மூணு இடத்தை அடைச்சார், இப்ப நாலாவது இடத்துல ஒழுகுது. இதையெல்லாம் போன்லயே சொல்லலாமே, எதுக்கு லெட்டர்னு கேப்பே. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து அடுத்தவங்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவ நான், எனக்குத் தெரியும், முக்கியமான விஷயத்தை யாரும் போன்ல பேசுறதே இல்ல, சாப்பிட்டாச்சா, மழை உண்டான்னு கேட்டுட்டு வச்சிடுவாங்க. அதோட நீ குறுக்கே பேசுவே. லெட்டர்ல குறுக்கே பேச முடியாது பாரு. எழுத்து கோணல்மாணலா இருக்கேன்னு பாக்காதே, அதுக்கும் காரணம் உள்ளே இருக்கு.

நம்பர் அக்கா போயிட்டாங்கன்னு உனக்கு போன்ல சொன்னேன். ஐயையோ எப்பம்மான்னு நீ கேட்டே, திங்கக்கிழமைன்னு சொல்லிட்டு உடனே தண்ணித் தொட்டிக் கதைக்குத் தாவிட்டேன். நீயும் விட்டுட்டே. உனக்கு அவங்களை எவ்வளவு ஞாபகம் இருக்கோ தெரியல, சின்ன வயசுல நீ அவங்க ஸ்டூலைப் பிடிச்சு ஆட்டிட்டு என்கிட்ட முதுகுல ரெண்டு வாங்கியிருக்கே. நம்ம கோயில்ல பிரசங்க மேடைக்கு இடது பக்கம் சுவத்துல ஒரு மரப்பலகை இருக்குமே, நாலு வரிசையா அன்னிக்குப் பாடப் போற பாட்டு நம்பரைச் செருகி வைக்கிறது, அதை நாப்பத்தியோரு வருஷமா போட்டவங்க. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வருவாங்க, பாஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்குவாங்க, ஐஸ்கிரீம் டப்பாவுல அடுக்கி வச்சிருக்கிற எண் அட்டைகளை எடுத்து ஒவ்வொண்ணா துணியால துடைச்சு செருகுவாங்க. ஒன்பது அட்டை பத்தலைன்னா ஆறைத் தலைகீழாத் திருப்பி வைப்பாங்க, புதுசா வாங்கிக்கலாமேன்னா, இருக்கிறது போதும்மா, திருப்பினா வேலை முடிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல படுக்கைத் துணி மடிக்கிற வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, கல்யாணம் பண்ணிக்கல, டயர் கடைக்குப் பின்னாடி ஒத்தை ரூம்ல வாடகைக்கு இருந்தாங்க. கூட்டத்துல பேசி நான் பாத்ததில்ல, ஜெபம் பண்ணச் சொன்னாக்கூட வேற யாரையாவது கையைக் காட்டுவாங்க. எண்பத்தி மூணு வயசுலயும் ஸ்டூல் மேல ஏறினாங்க, பாஸ்டர் பயந்துபோய் ஸ்டூலைப் பூட்டி வச்சதுக்கப்புறம் ஒரு கம்புல கொக்கி மாட்டிக்கிட்டுக் கீழ நின்னே போட ஆரம்பிச்சாங்க. அவங்க பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, எனக்கும் அடக்கத்தன்னிக்குத்தான் பேரே தெரிஞ்சுது, முப்பத்தி ரெண்டு வருஷம் ஒரே கோயில்ல இருந்திருக்கோம், எனக்கே வெக்கமா இருந்துச்சு.

அவங்க போனது சத்தமே இல்லாம. காலையில கதவு திறக்கலைன்னு டயர் கடைக்காரர் எட்டிப் பாத்திருக்கார், நாற்காலியில உட்கார்ந்த மேனிக்கு இருந்தாங்களாம், காலுல செருப்பு மாட்டியிருந்துச்சாம், எங்கயோ கிளம்பினவங்க. புதன்கிழமை காலையில அடக்க ஆராதனை. கோயில் முக்கால்வாசி நிறைஞ்சுது, எல்லாரும் வந்தாங்க, யாரும் அழல. அழுற அளவுக்கு யாருக்கும் அவங்களைத் தெரியலையோ என்னமோ. முன் வரிசையில அவங்க அண்ணன் மகன் மட்டும் ஒரு தோள் பையோட உட்கார்ந்திருந்தார், அவரும் பல வருஷத்துக்கப்புறம் அத்தையைப் பாக்க வந்தவர். இப்ப நடந்ததைக் கேளு, எங்க கோயிலைத் தவிர வேற எங்கயும் இந்தக் கூத்து நடக்காது. நம்ம கோயில்ல பாஸ்டர் பாட்டு நம்பரை வாய்விட்டுச் சொல்றதே இல்லைன்னு உனக்குத் தெரியும், பழைய பாஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கிட்ட காலத்துல ஆரம்பிச்ச பழக்கம், அவர் போய் இவர் வந்தும் பழக்கம் போகல. பாடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லுவார், எல்லாரும் பலகையைப் பாப்போம், நான் ஆர்கன் வாசிப்பேன், ஜனங்க பாடுவாங்க. அன்னிக்குக் காலையிலயே பாஸ்டர் அடக்கத்துக்குரிய பாட்டு நாலையும் என்கிட்ட வாயால சொன்னார், நானும் மண்டையை ஆட்டினேன், ஒண்ணும் உள்ள போகல. பலகையில நம்பர் மாத்தணுமேன்னு ஒருத்தருக்கும் தோணல, ஏன்னா மாத்துறவங்க பெட்டிக்குள்ள இருக்காங்க. பாஸ்டர் பாடுவோம்னார். நான் தலையைத் தூக்கினேன், 118, கை தானா வாசிக்க ஆரம்பிச்சிடுச்சு, ஜனங்களும் 118-ஐப் புரட்டித் தயாரா வச்சிருக்காங்க, எல்லாரும் எழுந்து நின்னு பாடிட்டாங்க. அது முந்தின ஞாயித்துக்கிழமை மருந்துக்கடைக்காரர் பேரனோட ஞானஸ்நானத்துக்குப் போட்ட பாட்டு. புதுசாப் பொறந்த பிள்ளையைக் கையில கொண்டு வந்திருக்கோம் ஏத்துக்கோன்னு அஞ்சு சரணம். எண்பத்தி மூணு வயசு அம்மாவைப் பெட்டியில வச்சுக்கிட்டு அஞ்சு சரணத்தையும் முழுசாப் பாடி முடிச்சோம். ரெண்டாவது சரணத்துலயே பாஸ்டர் என்னைப் பாத்தார், நான் பலகையைப் பாத்தேன், அவரும் பலகையைப் பாத்தார், அப்புறம் அவரும் வாயைத் திறந்து பாட ஆரம்பிச்சிட்டார், வேற என்ன பண்ணுவார் பாவம். மீதி மூணு பாட்டும் அந்த ஞாயித்துக்கிழமைப் பாட்டேதான், பாதியில நிறுத்தி மாத்துற தைரியம் யாருக்கும் வரல. முடிஞ்சதும் அண்ணன் மகன் என்கிட்ட வந்து, முதல் பாட்டு நல்லா இருந்துச்சு, அத்தைக்குப் பிடிச்ச பாட்டாங்கன்னு கேட்டார். ஆமாங்கன்னு சொன்னேன். வேற நேரமா இருந்தா இதை நினைச்சு நினைச்சு நானும் அப்பாவும் ஒரு வாரம் சிரிச்சிருப்போம். எனக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல. வீட்டுக்கு வந்தேன், புடவை மாத்தினேன், பாத்திரம் கழுவினேன், அப்பாவுக்குச் சாப்பாடு போட்டேன். உனக்கு என்னடி ஆச்சுன்னு அப்பா கேட்டார். ஒண்ணும் ஆகலைன்னேன். அது நிஜம்தான், எனக்கு ஒண்ணுமே ஆகல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

இப்ப என் கையைப் பத்தி எழுதணும். போன தடவை நீ வந்திருந்தப்ப நான் காபி டம்ளரை இடது கையில பிடிக்கிறதைப் பாத்துட்டு ஏம்மான்னு கேட்டே, கையை அமுக்கிப் படுத்துட்டேன்னு சொன்னேன். அது பச்சைப் பொய். மூணு வருஷமா வலது கையில மோதிர விரலும் சுண்டுவிரலும் எனக்கு இல்லாத மாதிரிதான், சூடு தெரியாது, ஊசி குத்தினா தெரியாது, ஆர்கன் கட்டையைத் தொட்டேனா இல்லையான்னு சத்தம் வந்தாத்தான் தெரியும். டாக்டர்கிட்ட போனேன், நரம்புன்னு சொன்னார், மாத்திரை கொடுத்தார், வேகமா வேலை செய்ற எதையும் இந்தக் கையால இனிமே எதிர்பாக்காதீங்கன்னார். அப்பாவுக்குக்கூட பாதிதான் தெரியும். ஏன் மறைச்சேன்னா, சொன்னா ஆர்கன்லேர்ந்து எழுந்திருன்னு சொல்லிடுவீங்க. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் என்னை யாருக்குத் தேவை சொல்லு, நீ அங்க, உன் அக்கா அவ வீட்டுல, அப்பாவுக்கு அவரோட ரேடியோ. வாரத்துல ஒரு நாள் ரெண்டு மணி நேரம் நான் இல்லாம நடக்காதுன்னு ஒரு இடம் இருந்துச்சு, அதை விட மனசு வரல. விரல் இப்படி ஆன புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை மூணாவது பாட்டுல கை சுத்தமா நின்னு போச்சு, ராகம் மேல ஏறுற இடத்துல சத்தமே வரல, ஜனங்க பாடி இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, நான் பின்னாடியே போய் ஒட்டிக்கிட்டேன். யாரும் கவனிக்கலைன்னு நினைச்சேன். ஆராதனை முடிஞ்சு எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டிட்டிருக்கு, நம்பர் அக்கா பக்கத்துல வந்து, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்லம்மான்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன். போயிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த மூணு வருஷத்துல ஒரு தடவைகூட என் கை தடுமாறல. மாத்திரை வேலை செய்யுது, ஆண்டவர் இரக்கம் பாராட்டிட்டார்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன். ஒரே ஒரு குறை, பாட்டெல்லாம் திரும்பத் திரும்ப வந்துச்சு, நானூறு பாட்டு இருக்கிற புஸ்தகத்துல எண்ணி ஒரு நாப்பதுதான் சுத்திச் சுத்தி. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா பாஸ்டரை ஒரு பிடி பிடிக்காம எனக்குச் சோறு இறங்காது, அப்பாவைக் கேளு. நம்பர் அக்காகிட்டயே ஒரு தடவை, இந்த பாஸ்டருக்கு அதிகம் பாட்டு தெரியாது போலருக்கே அக்கான்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. அவ்வளவுதான்.

அடக்கம் முடிஞ்ச சனிக்கிழமை பாஸ்டர் பாட்டுச் சீட்டை என் கையில கொடுத்து அனுப்பினார், பலகை போட ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்களே போட்டுடுங்கம்மான்னு. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாக்குறேன், நாலு பாட்டுல ரெண்டு என் கைக்கு வராத பாட்டு, அதுலயும் 274 இருக்கே, மேல மேல ஏறி ஓட்டமா ஓடும், கருப்புக் கட்டை நிறைய, சுண்டுவிரல் இல்லாம நடக்கவே நடக்காது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. ஆஹா, நம்பர் அக்கா கண்ணை மூடி ஒரு வாரம் ஆகல, ஐயா ஆரம்பிச்சுட்டாரு, என்னைக் கிளப்பி விட்டுட்டு கிட்டார் வாசிக்கிற வாலிபப் பசங்களை உட்கார வைக்கப் போறாருன்னு செருப்பை மாட்டிக்கிட்டு நேரா அவர் வீட்டுக்குப் போயிட்டேன். பாஸ்டரம்மா வாங்கம்மான்னதுக்குக்கூட நான் பதில் சொல்லல. மூணு வருஷமா இல்லாத கஷ்டமான பாட்டெல்லாம் இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன். அந்த மனுஷன் முழிக்கிறார். நான் எப்பவும் இப்படித்தான் எழுதிக் கொடுக்குறேன், நீங்கதானே மாத்துறீங்கன்னார். நான் எங்க மாத்தினேன்னேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நம்பர் அக்கா சீட்டைப் பாத்துட்டு, இது வேண்டாம் ஐயா, இதைப் போடலாம்னு ஒண்ணு ரெண்டு மாத்துவாங்க, நீங்க சொல்லி அனுப்பினதுன்னு நினைச்சேன், ஆர்கன் வாசிக்கிறவங்க விருப்பம்னு நானும் விட்டுட்டேன், நம்ம ஆர்கன் அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டைத்தான் நாம பாடணும்னு வீட்டுல வேடிக்கையாக்கூடச் சொல்லுவேன், மன்னிச்சிடுங்கன்னார். நான் சொன்னதா அக்கா சொன்னாங்களான்னு கேட்டேன். இல்லம்மா, அப்படி அவங்க ஒரு நாளும் சொல்லல, நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்னார். எந்தெந்தப் பாட்டை மாத்தினாங்கன்னு கேட்டேன், ஞாபகம் இருந்த வரைக்கும் சொன்னார். நம்பர் விஷயத்துல என் ஞாபகம் உனக்குத் தெரியுமே, அவர் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல நான் மனசுக்குள்ளயே வாசிச்சுப் பாத்தேன். எல்லாம் சுண்டுவிரல் வேணும்கிற பாட்டு. ஒண்ணு விடாம. அக்காவுக்கு ஆர்கன் தெரியாதுடா கண்ணா, சரிகமகூடத் தெரியாது. பாஸ்டர் வீட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டேன். பாஸ்டரம்மா தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க, குடிச்சேன். அப்பவும் அழுகை வரல. என் கையை நீட்டி அவருக்குக் காட்டினேன், இந்த ரெண்டு விரலும் செத்துப் போச்சு ஐயா, மூணு வருஷம் ஆச்சுன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னொண்ணும் அப்ப தோணுச்சு. அடக்கத்துக்குன்னு சொன்ன நாலு பாட்டையும் பாஸ்டர்கிட்ட மறுபடி கேட்டேன், அதுலயும் ரெண்டு என்னால வாசிக்க முடியாத பாட்டு. அன்னிக்கு மட்டும் பலகையை யாராவது ஒழுங்கா மாத்தியிருந்தா, அத்தனை பேர் முன்னாடி, அவங்க பெட்டிக்குப் பக்கத்துலயே என் குட்டு உடைஞ்சிருக்கும். அவங்க அடக்கத்துக்கும் என் கைக்கு ஏத்த பாட்டை அவங்களே போட்டு வச்சிட்டுப் போயிருக்காங்க.

அங்கேர்ந்து நேரா கோயிலுக்குப் போனேன். யாரும் இல்ல. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தேன், மேலயே அந்தத் துணி, துவைச்சு நாலா மடிச்சு வச்சிருந்தாங்க, ஆஸ்பத்திரி மடிப்பு, ஓரம் ஓரத்தோட சேர்ந்து. உன்கிட்ட ஒளிக்க மாட்டேன். 274 இருக்க வேண்டிய இடத்துல நான் 31-ஐப் போட்டேன். 31 எனக்குத் தூக்கத்துல எழுப்பினாலும் வாசிக்க வரும். யாருக்குத் தெரியப் போகுது, பலகை இப்ப என் கையில, பாஸ்டரும் நல்லவர், ஒண்ணும் சொல்ல மாட்டார், இன்னும் பத்து வருஷம்கூட ஓட்டலாம். போட்டுட்டு நாலடி பின்னாடி வந்து நின்னு பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். அக்கா எனக்காகச் செஞ்சது ஒண்ணு, அதையே எனக்கு நானே செஞ்சுக்கிறது வேற ஒண்ணு. அவங்க செஞ்சப்ப எனக்குத் தெரியாது, இப்ப தெரிஞ்சு போச்சு. கொக்கிக் கம்பை எடுத்து 31-ஐ உருவிட்டு 274-ஐப் போட்டேன். மறுபடி பாஸ்டர் வீட்டுக்குப் போய், நாளையிலேர்ந்து நான் வாசிக்கல, வாசல்ல நிறுத்திப் பொன்னாடை, பேச்சு, கைத்தட்டல் ஒண்ணும் வேண்டாம், அப்படி ஏதாவது ஏற்பாடு பண்ணினா நான் கோயிலுக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை ஆர்கன் இல்லாமப் பாடினோம். எங்க உட்கார்றதுன்னு எனக்குத் தெரியல பாரு, முப்பத்தி ரெண்டு வருஷமா ஜனங்க பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லையே. ரெண்டாவது பெஞ்சு ஓரத்துல நம்பர் அக்கா இடம் காலியா இருந்துச்சு, அதுல உட்கார்ந்தேன். மின்விசிறிக்காகத்தான் அக்கா அந்த இடத்தை விட மாட்டேங்கிறாங்கன்னு நாங்க எல்லாரும் கேலி பண்ணுவோம். அங்க காத்தே வரல கண்ணா. பழக்க தோஷத்துல முந்தின நாள் துடைச்சுட்டு ஆர்கனை மூடாம விட்டிருந்தேன், அந்த இடத்துலேர்ந்து பாத்தா பாஸ்டர் பாதிதான் தெரியறார், பலகை சாய்வாத்தான் தெரியுது, ஆர்கனோட வலது பக்கக் கட்டை மட்டும் ஒவ்வொண்ணா, எண்ணலாம் போல, அவ்வளவு தெளிவாத் தெரியுது. மூணு வருஷம் அங்க உட்கார்ந்து என் விரலைத்தான் பாத்திருக்காங்க. எந்தப் பாட்டுக்கு எந்த விரல் எங்க திணறுதுன்னு பாத்துப் பாத்து மனசுல எழுதி வச்சிருக்காங்க. 274-ல எல்லாரும் ஆளுக்கொரு திசையில போயிட்டாங்க, பின்னாடியிருந்து நம்ம சபையில பஸ் டிரைவரா இருக்கிற தம்பி ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திப் பாடி ஒரு வழியாக் கரை சேர்த்தார். நான் புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் பாஸ்டர் டிரைவர் தம்பியைப் பிடிச்சுட்டார். வீட்டுல மகளோட கீபோர்டை வச்சுத் தட்டுவாராம், எனக்குப் பதினேழு பாட்டுதான் தெரியும் ஐயா, கருப்புக் கட்டையைப் பாத்தாலே கை நடுங்கும், ஆளை விடுங்கன்னு கும்பிட்டிருக்கார், யாரு விடுறது. முதல் வாரம் உட்கார்ந்தார். நாப்பது பேரை ஏத்திக்கிட்டு நெரிசல்ல பஸ் ஓட்டுற மனுஷன், ஆர்கன் முன்னாடி சட்டை முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் ரெண்டாவது பெஞ்சுல இருந்து பாத்துட்டேயிருந்தேன், மூணாவது பாட்டுல கை நின்னுடுச்சு, அதே மாதிரி, ஜனங்க பாடிக்கிட்டே போயிட்டாங்க. முடிஞ்சு வெளியில வந்தார், முகத்துல ஈயாடல, அடுத்த வாரம் வர மாட்டார்னு பாத்தாலே தெரிஞ்சுது. நான் கிட்டப் போனேன், நூறு ஆறுதல் சொல்லலாம்னுதான் போனேன், வாய்ல வந்தது என்னமோ, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல தம்பின்னுதான். ஆமாங்க்கான்னார். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு பாஸ்டர்கிட்ட சீட்டு வாங்கினேன், பாத்தேன், ரெண்டாவது பாட்டு அந்தத் தம்பிக்கு ஆகாது. அது வேண்டாம் ஐயா, இதைப் போடலாம்னேன். பாஸ்டர் என் முகத்தைப் பாத்தார், சரிங்கம்மான்னுட்டார். அட்டையைச் செருக ரெண்டு விரலும் வேணும்னே இல்ல, மீதி மூணு போதும், ஒன்பது பத்தல, ஆறைத் திருப்பி வச்சேன். போன ஞாயித்துக்கிழமை தம்பி நாலு பாட்டையும் ஒரு தப்பு இல்லாம வாசிச்சுட்டார். முடிஞ்சதும் நேரா என்கிட்ட ஓடி வந்தார், சந்தோஷம் தாங்கல, அக்கா இந்த வாரம் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பாட்டாவே வந்துச்சு, கர்த்தர் பெரியவர்க்கான்னார். அப்புறம் அப்படியும் இப்படியும் பாத்துட்டு, காதுக்கிட்ட குனிஞ்சு, ஆனா நம்ம பாஸ்டருக்கு அதிகம் பாட்டு தெரியாது போலருக்கே அக்கான்னார். நான் சிரிச்சேன். வேற என்ன சொல்ல முடியும் சொல்லு, சிரிச்சேன். சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம சமையல்கட்டு நாற்காலியில உட்கார்ந்து அழுதேன் பாரு, மூணு வாரமா வராதது எல்லாம் சேர்த்து வந்துச்சு. அப்பா பயந்து போய்க் காது மெஷினைத் தேடி மாட்டிக்கிட்டு வந்தார், என்னடி என்னடின்னு. அவருக்கு எல்லாத்தையும் சொன்னேன், கையை முழுசாக் காட்டினேன். அவர் என் ரெண்டு விரலையும் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். பிடிச்சிருக்கார்னு பாத்துத்தான் தெரிஞ்சுது, இருந்தாலும் எடுக்கல.

சரி கண்ணா, இதையெல்லாம் படிச்சுட்டு உடனே டிக்கெட் போடாதே, லீவு கிடைக்கிறப்ப வந்தாப் போதும். ராத்திரி கண்ணு முழிச்சு வேலை பாக்காதே, மருமகளை அதட்டிப் பேசாதே, அவ பொறுமையா இருக்கான்னா அவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம் இல்ல. குட்டிக்கு என் முத்தம். உங்க மூணு பேரையும் ஆண்டவர் போகும்போதும் வரும்போதும் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும், உங்களுக்குத் தெரியாம உங்களுக்கு நல்லது பண்றவங்களை உங்க பக்கத்துலயே உட்கார வைக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, அடுத்த தடவை போன் பண்ணும்போது சாப்பாட்டைப் பத்திக் கேக்கிறதுக்கு முன்னாடி என் கையைப் பத்திக் கேளு. இனிமே உள்ளதைச் சொல்றேன். டிரைவர் தம்பிகிட்ட மட்டும் இந்தக் கதையை மூச்சு விடாதே, அவருக்கு இப்ப பத்தொன்பது பாட்டு தெரியும்.

மூணு விரலால இவ்வளவும் எழுதின,
உன் அம்மா